வாடை இல்லாத புண்

அன்றைக்கு மழை பெய்ததா என்று எனக்குச் சரியாக நினைவில்லை.

பெய்தது என்கிறாள் அண்ணி. கொடியில் கிடந்த துணியை இரண்டு தடவை வாரி உள்ளே போட்டாளாம். இல்லவே இல்லை, நல்ல வெயில் என்கிறான் அண்ணன். மழையென்றால் தேனீ வெளியே வராது, அன்றைக்குப் பெட்டி வாசலில் நெரிசல் என்பது அவன் சாட்சியம். அவரவர் வேலையை வைத்துத்தான் அவரவர் வானத்தை ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

நான் வானத்தைப் பார்க்கவில்லை. அப்பாவின் வலது காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் இதில் வரும் பேச்சுகள் முன்பின்னாக மாறியிருக்கலாம். ஒன்று மட்டும் மாறாது. அந்த அறையில் கெட்ட வாடையே இல்லை. மரப்பிசினும் மெழுகும் கலந்த நல்ல மணம்தான் இருந்தது.

எங்கள் வீட்டில் நான்கு பேர். அம்மா போனபிறகு அப்பா, அண்ணன், அண்ணி, நான். அப்பா பஸ் ஓட்டுகிறவர். தெருவே அவரை டிரைவர் என்றுதான் கூப்பிடும். வீட்டுக்குள் வந்து சட்டையைக் கழற்றினாலும் அந்தப் பெயரைக் கழற்றமாட்டார். சர்க்கரை நோய். புதுச் செருப்பு கடித்து வலது பாதத்தில், பெருவிரலுக்கு அடியில், புண் வந்தது. அவருக்கு வலிக்கவில்லை; உணர்ச்சி செத்த பாதம். தரையில் பதிந்த சிவப்புத் தடத்தைப் பார்த்து அண்ணிதான் கண்டுபிடித்தாள்.

ஆஸ்பத்திரி என்றதும் கையெடுத்துக் கும்பிட்டார். காரணம் கண்டக்டர் மாமா. அப்பாவோடு ஒரே பஸ்ஸில் ஆண்டுக்கணக்காக ஓடியவர். அவருக்கும் இப்படித்தான் ஒரு புண்.

"ரெண்டு காலோட உள்ள போனான். ஒரு காலோட வெளிய வந்தான். என்னை விட்டுடுங்க."

இதற்கு நடுவில்தான் அந்த எலி வந்து சேர்ந்தது.

அண்ணன் மொட்டைமாடியில் தேனீ வளர்க்கிறான். அப்பாவுக்கு அது ஒரு தொழிலாகவே பட்டதில்லை. "அவனவன் வியாபாரம் இல்லாம ஈ ஓட்டுறான். என் பிள்ளை அந்த ஈயைக் கூப்பிட்டு வெச்சு வளர்க்கிறான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். வந்தவர்கள் சிரிப்பார்கள். அண்ணனும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு மாடிக்குப் போய்விடுவான். அவன் போகும்போது படிக்கட்டில் சத்தமே கேட்காது.

ஒருநாள் பெட்டிக்குள் ஓர் எலி புகுந்துவிட்டது. தேனீக்கள் கொட்டியே கொன்றுவிட்டன. அந்தப் பிணத்தை இழுத்து வெளியே போட அவற்றால் முடியவில்லை. அதனால், மரப்பட்டைகளிலும் மொட்டுகளிலும் இருந்து சேர்த்துவரும் பிசினை எலிமேல் தலையிலிருந்து வால்வரை பூசி மூடிவிட்டன. அதே பிசினைத்தான் அவை பெட்டியின் விரிசல்களை அடைக்க வைத்திருக்கும். அண்ணன் அதை எப்போதும் சுரண்டி, ஸ்பிரிட்டில் ஊறவைத்து, கறுப்புப் பாட்டிலில் வைத்திருப்பான். தொண்டை கட்டினால் வெந்நீரில் இரண்டு சொட்டு. வாய்ப்புண்ணுக்கு ஒரு தொடல். கை கீறினால் ஒரு பூச்சு. எங்களுக்கு அதில் குணமானதும் உண்டு. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

எலியை ஒரு தட்டில் வைத்துக் கொண்டுவந்து அப்பாவிடம் காட்டினான். பழுப்பு நிறத்தில், சிற்பி செய்து வைத்தது போலப் பளபளவென்று இருந்தது.

"மோந்து பாருங்கப்பா. செத்து எத்தனை நாள் ஆச்சோ. வாடையே இல்ல."

அப்பா முகர்ந்து பார்த்தார். தட்டைத் திருப்பி மறுபடி முகர்ந்தார். பிறகு சொன்னார்: "செத்த எலியே நாறலைன்னா, உயிரோட இருக்கிற என் கால் நாறுமா? டேய், அந்த ஈ மருந்தை எனக்கும் போடு."

அவன் பிறந்ததிலிருந்து அப்பா அவனிடம் கேட்ட முதல் பொருள் அது. அந்த நேரத்தில் அண்ணனுடைய முகம் எப்படி மாறியது என்பதை மழையைப் போல நான் மறந்துவிடவில்லை.

அன்றிலிருந்து தினமும் பூச்சு. பூச்சின்மேல் பூச்சு. புண் மூடிக்கொண்டது. அதன்மேல் பாலிஷ் போட்ட நாற்காலிக்கை மாதிரி ஓர் ஓடு. அப்பா இப்போது வருகிறவர்களிடம் காலை நீட்டிக் காட்டினார். "என் பிள்ளை மருந்து." அண்ணியின் தையல் மிஷினைச் சரிபார்க்க வந்த மெக்கானிக்குக்கும் சர்க்கரை, கணுக்காலில் புண். அவருக்கும் அண்ணன் சும்மாவே ஒரு பாட்டில் கொடுத்தனுப்பினான். கொடுக்கும்போது அவன் நின்ற நிற்பே வேறு.

அண்ணி மட்டும் முதல்நாளே சொன்னாள்: "தேனீ எலிக்கு வைத்தியம் பார்க்கலைங்க. எலியைப் புதைச்சிருக்கு."

யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நானும்தான்.

*

அன்று காலை அப்பா போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார்.

"என்ன மாமா, குளிருதா?" என்றாள் அண்ணி.

"குளிரா? எனக்கா? ஃபேனைக் கொஞ்சம் கூட வை." சொல்லும்போதே பல் அடித்துக்கொண்டது.

அண்ணி நெற்றியைத் தொட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே சூடு தெரிந்தது.

அண்ணன் கறுப்புப் பாட்டிலோடும் சின்ன பிரஷோடும் வந்தான். அப்பா கேட்காமலே காலைப் போர்வைக்கு வெளியே நீட்டினார். கோயில் வாசலில் காலைக் கழுவ நீட்டுகிற மாதிரி அவ்வளவு பணிவு. அந்த மனிதரிடம் அதை நான் பார்த்ததே இல்லை.

"பாத்தியா, ஓடு எப்படி நிக்குது" என்றான் அண்ணன் என்னிடம். "வாடை இருக்கா சொல்லு. துளி இருக்கா?"

இல்லை.

நான் செருப்புக் கடையில் வேலை செய்கிறேன். நாள் முழுக்க ஊரார் பாதம்தான் என் கையில். அப்பா மட்டும் என்னைத் தன் காலைத் தொடவிட்டதில்லை. பெண்பிள்ளை காலைத் தொடக்கூடாது என்பார். அன்று நான் கேட்கவில்லை. கடையில் செருப்பு பிடிக்கிறதா என்று விரல் நுனியில் அழுத்திப் பார்ப்போமே, அப்படி ஓட்டுக்குப் பக்கத்தில் கட்டைவிரலால் அழுத்தினேன்.

குழி விழுந்தது. கையை எடுத்தேன். குழி அப்படியே நின்றது.

வேட்டியைக் கொஞ்சம் விலக்கினேன். கணுக்காலிலிருந்து கெண்டைக்கால் மேலே சிவப்பாக ஒரு கோடு ஏறியிருந்தது.

"அண்ணா, இது என்ன?"

அவன் பார்த்தான். பிரஷைப் பாட்டிலில் தோய்த்தான். "காய்ச்சல் வேற, கால் வேற. சளிக் காய்ச்சலா இருக்கும்."

"கோடு?"

"நரம்பு."

"சிவப்பு நரம்பா?"

"இன்னொரு பூச்சு போட்டா அடங்கிடும். அடி தட்டிடுச்சு, பாட்டில்ல மருந்து இல்ல. மேல போய்ச் சுரண்டிட்டு வந்துடறேன்."

அவன் குரல் நடுங்கியது. அது எனக்குத் தெரிந்தது அவனுக்கும் தெரிந்தது.

"சுரண்டிட்டு வா" என்றார் அப்பா, கண்ணை மூடியபடி. "என் பிள்ளை சொன்னா சரியா இருக்கும்."

அண்ணி போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள்.

*

மாடியில் அவன் வலைமுகமூடி போடவில்லை. புகை காட்டவில்லை. நேராகப் பெட்டி மூடியைத் திறந்து, அடை கட்டிய மரச்சட்டங்களின் விளிம்பைப் பட்டை உளியால் சுரண்ட ஆரம்பித்தான். வந்தது சொற்பம். நாள் தவறாமல் சுரண்டிய பெட்டி. தேனீக்கள் அடைத்த விரிசலையெல்லாம் அவன் மறுபடி திறந்து வைத்திருந்தான். அவை அவன் கழுத்தைச் சுற்றின. அடுத்த பெட்டிக்குப் போனான். அதற்கடுத்ததற்கும்.

"போதும் அண்ணா."

"இன்னும் கொஞ்சம்."

"அண்ணா."

"நீ கீழ போ. உனக்குப் பழக்கம் இல்ல, கொட்டிடும்."

கடைசிப் பெட்டியின் மூடிமேல் அந்த எலி இருந்தது. தட்டோடு அங்கேயே வைத்திருந்தான். மற்றவர்கள் படித்த பட்டத்தைச் சுவரில் மாட்டுவார்கள், அவனுக்கு அது.

"இதுக்குள்ள எப்படி இருக்கும்?" என்று கேட்டேன்.

"எதுக்குள்ள?"

"எலிக்குள்ள."

"காஞ்சு கிடக்கும்."

"நீ பாத்தியா?"

அவன் சுரண்டுவதை நிறுத்தினான்.

தேனீக்களின் இரைச்சல் மட்டும், பக்கத்து அறையில் யாரோ சண்டை போடுவது போல. அவன் எலியைப் பார்த்தான். பிறகு என்னை. பிறகு கீழே இறங்கும் படிக்கட்டை. உடைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவன் மறுத்திருப்பான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

உளியின் முனையை எலியின் வயிற்றில் வைத்து ஒரு தட்டு தட்டினான்.

ஓடு கண்ணாடி மாதிரி விண்டது.

நான் மூக்கைப் பொத்திக்கொண்டு சுவரோரம் போய்விட்டேன். உள்ளே காய்ந்திருக்கவில்லை. என்னவாக இருந்தது என்று எழுத மனம் வரவில்லை. இத்தனை நாளும் அந்த நாற்றம் வெளியே வர வழி தெரியாமல் உள்ளுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

அண்ணன் மூக்கைப் பொத்தவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்தான். ஒரு தேனீ அவன் இமைமேல் கொட்டியது. அவன் தட்டிவிடக்கூட இல்லை.

"நல்லாத்தானே இருந்துச்சு" என்றான். "வெளிய நல்லாத்தானே இருந்துச்சு."

*

கீழே வந்து அப்பாவின் கட்டிலருகே மண்டியிட்டான். ஒரு கண் வீங்கி மூடிக்கொண்டிருந்தது.

"அப்பா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"மருந்து எங்க?"

"அது மருந்து இல்லப்பா. மூடி. நான் மூடி வெச்சிட்டேன். உள்ள என்ன இருக்குன்னு நான் பாக்கவே இல்ல."

அப்பா அவனை வெகுநேரம் பார்த்தார். காய்ச்சல் கண்கள். "உங்க அண்ணி சொல்லிக்கொடுத்தாளா?" என்று என்னிடம் கேட்டார். பிறகு அவனிடம்: "என்னடா நீ. ஆயுசுல ஒரே ஒருதடவை உன்னை நம்பினேன். அது உனக்குப் பொறுக்கலையா?"

"நம்பாதீங்கப்பா. பழையபடி திட்டுங்க. ஈ வளர்க்கிறவன்னு சொல்லுங்க. வண்டியில உக்காந்துக்கிட்டுத் திட்டுங்க."

"வரமாட்டேன்."

"அப்பா..."

"கால் போனா நான் எதுக்குடா? பிரேக்குல இருக்கிற காலுடா இது. எத்தனை பேர் உசுரை இந்தக் காலு நிறுத்தி வெச்சிருக்கு தெரியுமா?"

அண்ணன் அவர் தோளுக்கடியில் கை கொடுத்துத் தூக்கப் பார்த்தான். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். காய்ச்சலிலும் அந்தப் பிடி ஸ்டியரிங் பிடித்த பிடி. நானும் சேர்ந்து இழுத்தும் விரலைப் பிரிக்க முடியவில்லை. அண்ணன் அழ ஆரம்பித்தான். வளர்ந்த ஆண் அழும்போது என்ன செய்வதென்று எங்கள் வீட்டில் யாருக்கும் சொல்லித்தரப்படவில்லை. அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்போது வாசலில் ஊன்றுகோல் சத்தம்.

கண்டக்டர் மாமா. அண்ணி போனில் அழைத்தது அவரைத்தான். இடது கால் இருந்த இடத்தில் பேண்டை மடித்துக் குத்தியிருந்தார். சட்டைப் பையில் அதே பழைய விசில்.

"என்ன டிரைவரே, டிப்போவிலேயே தூக்கமா?"

அப்பா திரும்பவில்லை. "நீ எதுக்கு வந்தே? உன்னைப் பாத்தாலே எனக்குப் பயமா இருக்கு."

"இருக்கும். ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறியாமே, ஒரு காலோட வெளிய வந்தான்னு." மாமா கட்டிலில் உட்கார்ந்தார். "வெளிய வந்தான்னு ஒருநாளாவது சொன்னியா?"

அப்பா கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"காலைத்தான்யா உள்ள விட்டுட்டு வந்தேன். மீதி எல்லாம் இதோ உக்காந்திருக்கு. உன்கூடச் சண்டை போடற வாய் உட்பட."

"எனக்குத் தைரியம் இல்லடா" என்றார் அப்பா. சுவரைப் பார்த்தே சொன்னார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

"உனக்கு எதுக்குத் தைரியம்? வண்டி கிளம்பறதை நீயா முடிவு பண்ணுவே? என்னிக்காவது நான் விசில் கொடுக்காம எடுத்திருக்கியா?"

மாமா விசிலை எடுத்து வாயில் வைத்தார். ஒரு விசில் என்றால் நிறுத்து. இரண்டு விசில் என்றால் கிளம்பு. அந்தச் சின்ன அறையில் இரண்டு விசிலும் காதைக் கிழித்தன. தெருவில் யாரோ நின்றார்கள்.

அப்பாவின் கை கட்டில் கம்பியை விட்டது. தன்னையறியாமல் இடது கை கியரைத் தேடிக் காற்றில் அசைந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

"ரைட்" என்றார் மாமா, மெதுவாக. "போலாம்."

*

ஆஸ்பத்திரியில் டாக்டர் இளம்பெண். ஓட்டின் விளிம்பில் இடுக்கியை வைத்துப் பெயர்த்தாள். அது ஒரே துண்டாக வந்தது. மாடியில் வந்த அதே நாற்றம் அறை முழுக்கப் பரவியது. நர்ஸ் ஜன்னலைத் திறந்தாள். அண்ணன் சுவரில் சாய்ந்துகொண்டான்.

"சின்னக் கீறலுக்குப் போட்டா போட்டுட்டுப் போங்க. சர்க்கரைக்காரர் புண்ணை இப்படி அடைச்சு மூடுவாங்களா? திறந்து சுத்தம் பண்ண வேண்டிய புண்." கோபத்தில் டாக்டருக்குக் கண் கலங்கியிருந்தது. "யாரு போட்டது இதை?"

அண்ணன் வாயைத் திறந்தான்.

"நான்தாம்மா" என்றார் அப்பா.

"அப்பா, இல்ல..."

"நீ சும்மா இரு. வண்டியை ஓட்டினது நான். இடிச்சா கேஸு டிரைவர் பேர்லதான்." டாக்டரைப் பார்த்து, "இவன் தேனீ வளர்க்கிறவன். கெட்டிக்காரன். இவன் மேல தப்பு இல்ல" என்றார்.

காலை எடுத்தே ஆகவேண்டும் என்றார்கள். தள்ளுபடுக்கை நகர்ந்தபோது மாமா ஊன்றுகோலைத் தட்டித் தட்டிக் கூடவே வந்தார்.

"டிரைவரே, உனக்கு வலது. எனக்கு இடது. இனிமே ஒரு ஜோடி செருப்பு வாங்கினா ரெண்டு பேருக்கும் போதும். நம்ம சின்னப் பொண்ணு கடையில கொஞ்சம் குறைச்சுக் கொடுக்கும்."

"உன் காலு பெருசுடா" என்றார் அப்பா. கதவு மூடிக்கொண்டது.

வராந்தாவில் காத்திருந்தோம். அண்ணி அண்ணனின் வீங்கிய கண்ணில் ஈரத்துணியை வைத்துப் பிடித்திருந்தாள். அவள் ஒன்றும் சொல்லிக்காட்டவில்லை. சொல்லியிருந்தால் அவனுக்கு நன்றாக இருந்திருக்கும்.

திடீரென்று துணியைத் தட்டிவிட்டு அவன் எழுந்தான்.

"மெக்கானிக்."

"என்ன?"

"மெக்கானிக்குக்கு ஒரு பாட்டில் கொடுத்தேனே."

அண்ணியின் கையிலிருந்த துணி கீழே விழுந்தது. அவன் வெறுங்காலோடு படியிறங்கி ஓடுவதைப் பார்த்தேன். இந்த முறை படிக்கட்டில் சத்தம் கேட்டது.

*

அன்று பொழுது சாய்ந்தபோது எங்களுக்கு ஆகியிருந்தது இவ்வளவுதான்.

அப்பாவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். உயிர் தப்பியது. கண்விழித்ததும் கேட்டது தண்ணீர் இல்லை, "அவன் சாப்பிட்டானா?" என்று அண்ணனைப் பற்றி.

கண்டக்டர் மாமா விசிலைக் கைக்குள் மூடிக்கொண்டு, வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார்.

அண்ணி வீட்டுக்குப் போய் அறையைக் கழுவினாள். ஊறப்போட்டிருந்த கறுப்புப் பாட்டில்களைச் சாக்கடையில் கவிழ்த்தாள். தொண்டைக்கு என்று ஒன்றை மட்டும் விட்டுவைத்தாள். ஏன் என்று அவளிடம் நான் கேட்கவில்லை.

நான் அப்பாவின் வலது செருப்பைப் பைக்குள் வைத்துக்கொண்டு படுக்கையருகே இருந்தேன்.

அண்ணன் மெக்கானிக் வீட்டைக் கண்டுபிடித்தான். பூட்டியிருந்தது. மெக்கானிக் வெளியூரில் மகள் வீட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டார். எந்த ஊர் என்று தெருவில் யாருக்கும் தெரியவில்லை. போகும்போது பக்கத்து வீட்டில் காலைக் காட்டிவிட்டுப் போனாராம். ரொம்பச் சந்தோஷமாக இருந்தாராம். இப்போதெல்லாம் வாடையே இல்லை என்று சொன்னாராம்.